உரியவர் இல்லாத குரல்

மலையிலிருந்து ஊர் இறங்கி வந்துவிட்டது. மேய்ச்சல் வெளியில் கோடையைக் கழித்த குடும்பங்கள் கூடாரங்களைச் சுருட்டி லாரியில் ஏற்றி, ஆடுகளை முன்னால் ஓட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தங்கள் ஊரான கோக்பெல்லுக்குத் திரும்பின. கணவாயின் தலையில் பனி உட்கார்ந்துவிட்டது. அது ஊருக்குள் வருவதற்குள் உருளைக்கிழங்கைத் தோண்டி எடுக்க வேண்டும், வறட்டியை அடுக்க வேண்டும், வைக்கோலைத் தொழுவத்துக் கூரைமேல் ஏற்ற வேண்டும். காலையில் எந்தத் தெருவில் நடந்தாலும் மண்வெட்டிச் சத்தம்தான்.

சைகாலின் வீட்டில் மட்டும் கிழங்கு மண்ணுக்குள்ளேயே கிடந்தது.

அவள் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். கணவன் மெதெர் ஊருக்கும் நகரத்துக்கும் நடுவே வேன் ஓட்டுபவன். மெதெரின் அண்ணன் பெக்தூர் ஆறு வருடமாக மாஸ்கோவில் கட்டட வேலை செய்தவன். ஜூலையில், வேலைசெய்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, பெட்டியில் ஊர் வந்து சேர்ந்தான். கல்யாணம் ஆகாதவன். மேய்ச்சலிலிருந்து அவன் அம்மாவை, பிள்ளைகள் 'அபா' என்று கூப்பிடும் உல்கானை, குதிரையில் கூட்டிவந்தபோது யாரும் அவளிடம் காரணம் சொல்லவில்லை. வாசலில் கூடி நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் அவளே இறங்கி, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, "எந்தப் பிள்ளை?" என்று கேட்டாள்.

அதன் பிறகு உல்கான் அதிகம் பேசவில்லை. நாற்பதாம் நாள் விருந்து முடிந்த மறுநாள்தான் மருமகளைக் கூப்பிட்டாள்.

"மகளே, நீ பள்ளிக்கூடத்துல வெச்சிருக்கியே அந்தக் குரல் பெட்டி. அதுல பெக்தூர் பேசினது இருக்குமே. எனக்கு ஒரு தடவை போட்டுக் காட்டு."

சைகால் அடுப்பில் வறட்டியைத் தள்ளினாள். குரல் பெட்டியைத் திறக்க முடியவில்லை என்று அவளுக்கு ஒரு வாரம் முன்பே தெரியும்.

*

குரல் பெட்டி என்று ஊர்தான் பேர் வைத்தது. அது சைகால் தானே எழுதிய சின்ன வெப்சைட். ரஷ்யாவுக்குப் போன பிள்ளைகளின் போன் கைமாறும், சிம் மாறும். ஊரில் அம்மாக்களிடம் பட்டன் போன்தான். சிக்னல் ஒழுங்காக வருவது பள்ளிக்கூடத்தில் மட்டும். அங்கே இருப்பவன் தன் பேச்சைப் பதிந்து அனுப்பினால், இங்கே இருப்பவள் சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்து, தன் பெயரையும் ரகசிய எண்ணையும் தட்டி, காதில் மாட்டிக்கொண்டு கேட்பாள். அவ்வளவுதான்.

எழுதி முடித்ததும் அதை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. தலைநகரில் ஒரு கம்பெனி சர்வரை மாத வாடகைக்குக் கொடுத்தது. டேட்டாபேஸ், குரல்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும். வெளிநாட்டுக் கம்பெனிகள் இலவசமாகவே கொடுத்தன; ஆனால் ஒரு இடத்தில் டேட்டாபேஸ், இன்னொரு இடத்தில் குரல்கள் என்று பிரித்து வைக்க வேண்டும். இடமும் குறைவு. பஞ்சாயத்தில் கேட்டுப் பார்த்தாள். "பாலத்துக்கே பலகை இல்ல, இதுக்கு வாடகையா?" என்று சிரித்தார்கள். அவள் இலவசத்தைத் தேர்ந்தெடுத்தாள். இடம் பற்றாததால், ஒருவர் புதிதாகப் பேசினால் அவருடைய பழைய பேச்சு அழிந்துவிடும்படி வைத்தாள். ஆளுக்கு ஒரு குரல், கடைசியாகப் பேசியது மட்டும்.

இன்னொன்றும் செய்தாள். ஊர்ப் பெண்கள் கேட்டுக்கொண்டதால் செய்தது.

"எங்க வீட்டுக்காரர் என்ன பேசினார்னு நீகூட தெரிஞ்சுக்கக் கூடாதுடி, சொல்லிட்டேன்" என்றாள் பக்கத்து வீட்டு ஷார்கான். "அந்தாளு பேசுறத நானே காதைப் பொத்திட்டுத்தான் கேக்கணும்."

அதனால் குரல் கோப்புகளுக்கு யார் பெயரும் இல்லாமல், தலையும் வாலும் புரியாத எழுத்துக் குவியலையே பெயராக வைத்தாள். எது யாருடையது என்பது டேட்டாபேஸுக்கு மட்டும்தான் தெரியும். ஊர் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் அப்போது நினைத்தாள்.

கோடை வந்தது. ஊரே மலைக்குப் போயிற்று. கேட்க ஆளில்லாத இடத்தில் யார் பேசுவார்கள்? வெப்சைட்டை யாரும் தொடவில்லை. தொடாத டேட்டாபேஸை அந்த வெளிநாட்டுக் கம்பெனி முதலில் தூங்க வைத்தது. பிறகு எச்சரிக்கை மெயில் அனுப்பியது. அப்போது சைகால் சிக்னல் எட்டாத மேய்ச்சலில் மாமியாரோடு குதிரைப்பால் கறந்துகொண்டிருந்தாள். அடுத்த மெயில் வந்தபோது வீட்டில் ஒப்பாரி நடந்துகொண்டிருந்தது. ஒரு நாட்டில் எல்லோரும் கோடையில் மலையேறிவிடுவார்கள் என்று அந்தக் கம்பெனிக்கு எப்படித் தெரியும்? கெடு முடிந்ததும் அழித்துவிட்டது.

குரல்கள் இருந்தன. அத்தனையும் பத்திரமாக இருந்தன. எது யாருடையது என்பதுதான் போய்விட்டது.

*

"விட்டுடு" என்றான் மெதெர். வேனின் டயரைக் கழற்றிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான். "போனது போச்சு. அபாவ இன்னும் எதுக்கு அழ வெக்கணும்?"

"அவங்க கேக்குறாங்க மெதெர். பிள்ளை குரல ஒரு தடவை கேக்கணும்கிறாங்க."

"கிடைக்கலைன்னு சொல்லு."

"கிடைக்கும். எல்லாத்தையும் லேப்டாப்ல இறக்கிட்டேன். ஒவ்வொண்ணா கேட்டா..."

"ஊரான் பேச்சையெல்லாம் உக்காந்து கேப்பியா? வெக்கமா இல்ல?" ஸ்பேனரைத் தூக்கித் தகரத்தின் மேல் எறிந்தான். தொழுவத்தில் மாடு மிரண்டது.

சைகால் போய் மாட்டைத் தட்டிக்கொடுத்தாள். இந்த ஏழு வருடத்தில் அவன் அவளிடம் குரல் உயர்த்தியதில்லை. குளிரில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வேனில் அவளுக்காக முன்சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு, கேட்பவனிடமெல்லாம் "அது டீச்சரம்மா சீட்டு" என்று சிரிப்பவன். அண்ணனைப் புதைத்த நாளிலிருந்து அவன் வேறு ஆளாகிவிட்டான். துக்கம் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு மாதிரி முறுக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தப்பு தன்னுடையது, அதனால் தன்மேல் கோபம் என்றும் நினைத்துக்கொண்டாள்.

ஊர்ப் பெண்களிடம் அவளே போய் நடந்ததைச் சொன்னாள். கிணற்றடியில் தண்ணீர் இறைத்தவர்கள் வாளியைக் கீழே வைத்தார்கள்.

"அப்போ என் வீட்டுக்காரர் குரலும் பேர் இல்லாமத்தான் கிடக்குதா?" என்றாள் ஷார்கான்.

"ஆமா எஜே" என்றாள் சைகால், மூத்தவளைக் கூப்பிடும் முறையில்.

"அந்தாளுக்கு அது வேணும்."

சிரித்துவிட்டு, அவளே யோசனையும் சொன்னாள். கேட்பதென்றால் எல்லோரும் சேர்ந்து கேட்போம். தனியாக ஒருத்தி கேட்டால்தான் அது ஒட்டுக்கேட்பது. தன் பிள்ளை, தன் புருஷன் குரல் வந்தால் உரியவள் பெயர் சொல்லட்டும், சைகால் பதிந்துகொள்ளட்டும். யாரும் உரிமை சொல்லாத குரலை எல்லோர் கண்ணெதிரிலும் அழித்துவிட வேண்டும். ஊரான் வீட்டுப் பேச்சு யார் பெட்டியிலும் தங்கக் கூடாது. இதற்குச் சம்மதம் என்றால் நாங்கள் வருகிறோம்.

உல்கான் சம்மதம் என்று தலையாட்டினாள். சைகாலும் வாக்குக் கொடுத்தாள்.

*

பெண்கள் வெறுங்கையோடு வரவில்லை. ஆளுக்கு ஒரு மூட்டை ஆட்டு ரோமம் கொண்டுவந்தார்கள். சைகாலின் வீட்டுப் பெரிய அறையில் வட்டமாக உட்கார்ந்து மெத்தைக்கு ரோமம் பிய்த்துக்கொண்டே கேட்டார்கள். நடுவில் பால் தேநீர், பூர்சோக் என்கிற எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகள், வெண்ணெய். துக்க வீட்டில் அடுப்பு அணையக் கூடாது என்று உல்கானே மாவு பிசைந்தாள்.

சைகால் லேப்டாப்பை ஸ்பீக்கரில் மாட்டினாள். முதல் குரல் வந்தது.

"அம்மா, அந்தச் செவலைக் கன்னுக்குட்டிய வித்துடாத. நான் வந்து பாக்கணும்."

"ஐயோ, எம்புள்ள!" என்று ஒருத்தி ரோமத்தைக் கீழே போட்டாள். "வித்துட்டோமேடா, போன வாரம்தான் வித்தோம்..."

இன்னொரு குரல் பாடியது. பாதியில் மறந்து, தானே சிரித்து, மறுபடி முதலிலிருந்து பாடியது. அது ஷார்கானின் புருஷன்.

"இதக் கேக்கவா பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்தேன்?" என்றாள் ஷார்கான். ஆனால் காது நுனி சிவந்துவிட்டது. "இன்னொரு தடவை போடு. பேர் சரியா எழுதினியான்னு பாக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். உல்கான்கூட உதட்டோரம் சிரித்தாள்.

ஒரு பெண் பேசினாள்: "ஆபீஸ்ல எல்லாரும் நல்லவங்கம்மா. உக்காந்து செய்யுற வேலைதான். கைகூட வலிக்கிறதில்ல." பின்னால் தட்டுகள் மோதும் சத்தம் ஓயாமல் கேட்டது. தண்ணீர் கொட்டியது. யாரோ ரஷ்ய மொழியில் அதட்டினார்கள். அவள் அம்மா மூலையில் இருந்தாள். "என் மகதான்" என்று மட்டும் சொன்னாள். ரோமம் பிய்ப்பதை அவள் நிறுத்தவில்லை. பக்கத்தில் இருந்தவள் அவள் கிண்ணத்தில் தேநீர் ஊற்றி வைத்தாள்.

புது மருமகள் கனிமெத்தின் கணவன் பேச ஆரம்பித்ததும் சைகால் சத்தத்தைக் குறைக்கப் போனாள். "பரவால்ல எஜே" என்றாள் கனிமெத், துணியால் முகத்தை மூடிக்கொண்டு. "அவர் பேசறது எனக்கே மறந்துபோச்சு."

இப்படியே ஒவ்வொரு மதியமும் போயிற்று. பேர் பெற்ற குரல்கள் கூடின, பேரில்லாதவை குறைந்தன. நடுவில் ஒருநாள் சைகால் தலைநகர்க் கம்பெனிக்கு போன் செய்தாள். இந்தத் தடவை எல்லாமே ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். தினமும் ஒரு பிரதி பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டருக்கும் வந்துவிட வேண்டும். தன் சம்பளத்திலிருந்தே வாடகை கட்டிக்கொள்வதாக முடிவுசெய்திருந்தாள்.

"ஆளே வராத மாசம் இருந்தா அழிச்சிடுவீங்களா தம்பி?"

மறுமுனையில் பையன் சிரித்தான். "கோடையில நானே மலையிலதான் எஜே இருப்பேன். வந்து அழிக்கவும் ஆள் கிடையாது."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. போனை வைத்தபிறகுதான் உறைத்தது. போன வருடமே இந்த போனைச் செய்திருக்கலாம்.

ஒவ்வொரு குரல் தொடங்கும்போதும் உல்கானின் கை ரோமத்தில் அப்படியே நிற்கும். இரண்டு சொல் கேட்டதும் மறுபடி நகரும். "மார்ச்சுல, நவ்ரூஸ் பண்டிகைக்குப் பேசினான்" என்று தினமும் சொல்வாள். "'அபா, உங்க கையால குடிச்சாத்தான் கஞ்சி' அப்படின்னான். அதுதான் அவன் கடைசி. அது எங்கியோ இருக்கு."

மெதெர் மதியங்களில் வீட்டுக்கு வருவதே இல்லை.

*

கிட்டத்தட்ட எல்லாம் முடிந்துவிட்ட மதியம். வெளியே ஈரப்பனி விழுந்து, விழுந்ததுமே கரைந்தது. சைகால் அடுத்த குரலைத் தட்டினாள்.

முதலில் மூச்சுதான் கேட்டது. நீளமாக, கரகரவென்று. பிறகு சிமெண்டுத் தூசி படிந்த ஒரு தொண்டை பேசியது.

"தம்பி... நீ சொன்னபடி கூரை முடியிற வரைக்கும் இருந்துடலாம்னுதான் பாத்தேன். முடியலடா. நேத்து ஏணியில பாதியிலேயே மூச்சு நின்னுபோச்சு. கீழ ரெண்டு பேர் பிடிச்சு இறக்கினாங்க. ஒரு தடவை ஊருக்கு வந்துட்டுப் போறேனே. கொஞ்ச நாள் படுத்திருந்தா சரியாயிடும். போன தடவை நீ சொன்னது சரிதான், இலையுதிர் காலத்துல வந்தா செலவு மிச்சம்தான். ஆனா... நீ சரின்னு சொன்னா டிக்கெட் எடுக்கிறேன். அபாகிட்ட சொல்லாத. பயந்துடுவாங்க."

இன்னொரு மூச்சு. அதோடு நின்றுவிட்டது.

சைகாலுக்கு யார் என்று உடனே தெரிந்துவிட்டது. குரல் ஆறு வருடத்தில் கரைந்துபோயிருந்தது. ஆனால் "அபா" என்று சொல்லும்போது கடைசியில் கொஞ்சம் இழுப்பது மாறவில்லை. நவ்ரூஸ் பேச்சை அழித்துவிட்டு அதன் இடத்தில் இது உட்கார்ந்திருந்தது. அந்த வருடம் ஊரில் பாதி வீட்டுக்குப் புதுத் தகரக் கூரை ஏறியிருந்தது. இந்த வீட்டுக்கும் ஏறியிருந்தது. மாமியார் பக்கம் திரும்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை. மெதெர் எறிந்த ஸ்பேனரும் அவன் வீட்டுக்கு வராத மதியங்களும் ஒரே நொடியில் அவளுக்கு விளங்கின.

"யாரு பெத்த பிள்ளையோ!" என்று ஷார்கான் வாய்விட்டு அழுதாள். "அந்தப் பிள்ளை மூச்சு முட்டிச் சாகுது, இங்க ஒருத்தன் கூரை கேக்குறான். அவனும் தம்பியாம்! அந்தக் கூரை அவன் தலையிலேயே விழட்டும். அவன் பெத்தது..."

"ஷார்கான்."

உல்கானின் குரல் உரக்க இல்லை. ஆனால் அறை அடங்கியது. அவள் வாய் எதையோ சொல்லத் திறந்திருந்தது. அதை மெல்ல மூடி, மறுபடி திறந்தாள்.

"சாபம் விடாத. அவனும் ஒருத்தி பெத்த பிள்ளைதான். அண்ணன் சாவான்னு அவனுக்குத் தெரியுமா?"

ஷார்கான் தலைத்துணியில் மூக்கைத் துடைத்தாள். "தப்புதான் எஜே. வயிறு எரிஞ்சு சொல்லிட்டேன். யாரோடது இது? ஒருத்தியும் பேசல?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி இல்லை என்று தலையாட்டினாள். இன்னொருத்தி, என் மகனுக்குத் தம்பியே இல்லை என்றாள். கடைசியில் எல்லோர் பார்வையும், வேண்டுமென்று இல்லாமலே, உல்கானிடம் வந்து நின்றது.

"என் வீட்டுது இல்ல" என்றாள் உல்கான். "என் பிள்ளை கூப்பிடறது எனக்குத் தெரியாதா? அடுத்ததப் போடு, மகளே."

சைகால் அடுத்ததைப் போட்டாள். மிச்சமிருந்தவை முடியும்வரை உல்கானின் கை ரோமத்தைப் பிய்த்துக்கொண்டேயிருந்தது. ஒருமுறைகூட நிற்கவில்லை.

*

மறுநாள் காலை மெதெர் வேனை எடுத்துக்கொண்டு போனதும், உல்கான் கையைக் கழுவிக்கொண்டு வந்து லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தாள்.

"நேத்து ஒரு பையன் பேசினானே. அதப் போடு."

"அபா..."

"போடு."

சைகால் போட்டாள். உல்கான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் "இன்னொரு தடவை" என்றாள். அந்த இரண்டாம் தடவையில் அவள் குனிந்து ஸ்பீக்கரின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். சுரம் அடிக்கும் பிள்ளையின் நெற்றியில் அம்மாக்கள் கன்னம் வைப்பதுபோல. "இளைச்சுட்டான்" என்றாள். "குரலே இளைச்சுட்டுது."

சைகால் அவள் காலடியில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"நான் ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கறேன் அபா. யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தோணும்போது..."

"வாக்குக் கொடுத்திருக்கே."

"அது மத்தவங்க குரலுக்குத்தானே? இது நம்மது."

"நம்மதுன்னு நான் சொல்லலையே." உல்கான் அவள் தலையில் கை வைத்தாள். "வீட்டுல இருந்தா ஒருநாள் ஊருக்குத் தெரியும். ஷார்கான் நல்லவதான், நாக்குதான் நீளம். அவன் வேன் ஓட்டுறவன். இந்த ஊர்க்காரங்கள ஏத்திட்டுத்தான் அவன் பிழைக்கணும், இங்கதான் உன் பிள்ளைங்க பிறக்கணும். அதைவிட, அவனே ஒருநாள் உக்காந்து இதக் கேப்பான். தினமும் கேப்பான். அவனை எனக்குத் தெரியாதா? ஒருத்தனை மண்ணுல வெச்சாச்சு. இன்னொருத்தனையும் கொஞ்சம் கொஞ்சமா வெக்கச் சொல்றியா?"

"உங்களுக்கு அவர்மேல கோபம் இல்லையா அபா?"

உல்கான் தலைத்துணியின் முடிச்சை இறுக்கிக்கொண்டாள்.

"இருக்கு" என்றாள். "நெஞ்சு பூரா இருக்கு. அத எங்க கொண்டுபோய் வெக்கிறதுன்னுதான் தெரியல."

மூன்றாம் தடவை போடச் சொல்லவில்லை. எழுந்து, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, கிழங்கு தோண்டப் போனாள்.

மதியம் பெண்கள் வந்தார்கள். பேர் பெற்ற குரல்கள் புது இடத்துக்கு ஏறுவதைச் சைகால் காட்டினாள். திரையில் ஒவ்வொரு பெயராக வந்தபோது, உரியவள் "வந்துடுச்சா, வந்துடுச்சா" என்று கேட்டு உறுதிசெய்துகொண்டாள். பிறகு பேரில்லாதவை. சில குரல்கள்தான்; குடிபெயர்ந்து போனவர்களுடையதோ, சும்மா சோதித்துப் பார்த்தவர்களுடையதோ. அவற்றோடு அதுவும் ஒன்று.

சைகால் அழிக்கும் பட்டனுக்குப் போனாள். கை ஒத்துழைக்கவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். உல்கான் எழுந்து வந்து, மண் காயாத தன் விரலை மருமகளின் விரல்மேல் வைத்து அழுத்தினாள்.

*

மெதெர் பொழுது சாயும் நேரத்தில் வந்தான். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் கதவருகிலேயே நின்றான். தோண்டிய கிழங்கு தாழ்வாரத்தில் குவிந்திருந்ததைப் பார்த்தான். அம்மாவின் கையைப் பார்த்தான்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டான், சைகாலிடம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "கிடைச்சுதா?"

சைகால் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கிடைக்கல" என்றாள் உல்கான். "பெக்தூர் குரல் அதுல இல்ல. மேய்ச்சலுக்குப் போறதுக்கு முன்னாடியே அழிஞ்சிருக்கும்."

அவன் மூச்சு விடுவான், தோள் தளரும் என்று சைகால் நினைத்திருந்தாள். அப்படி நடக்கவில்லை. அவன் முகம் பத்து வயதுப் பிள்ளையின் முகம்போல் கோணியது.

"நல்லா தேடினீங்களா? எல்லாத்தையும் கேட்டீங்களா? ஒண்ணு விடாம?"

"எல்லாத்தையும் கேட்டோம்."

"இருக்கணுமே அபா. அது இருக்கணுமே." சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். அண்ணனைக் குழிக்குள் இறக்கியபோதும் அழாதவன், இப்போது தோள் குலுங்க அழுதான். "ஒரே ஒரு தடவை அவன் குரல... அபா, மே மாசம் அவன் எனக்கு..."

"மெதெர்."

உல்கான் கிண்ணத்தில் சூப்பை ஊற்றினாள். அன்று தோண்டிய கிழங்கு, எலும்போடு சேர்ந்த கறி. மூத்த பிள்ளைக்குப் போடும் துண்டு அது. பெக்தூர் மாஸ்கோ போன நாளிலிருந்து அந்தத் துண்டை யாருக்கும் போடாமல் தனியே எடுத்து வைத்துவிடுவாள். அதை அவன் கிண்ணத்தில் போட்டு, அவன் முன்னால் வைத்து, எதிரே உட்கார்ந்தாள்.

"அபா, நான்தான் அவன..."

"சாப்பிடு" என்றாள். "காலையிலேர்ந்து வெறும் வயிறு."

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அவள் பார்வையை விலக்கவில்லை. வெளியே பனி இப்போது கரையாமல் தங்க ஆரம்பித்திருந்தது. புதுத் தகரத்தின் மேல் அது விழும் சத்தம்கூடக் கேட்கவில்லை. மெதெர் கரண்டியை எடுத்தான். அவன் முதல் வாயை விழுங்கும்வரை உல்கான் காத்திருந்தாள். பிறகுதான் ஊர் வழக்கப்படி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார்ந்து, செத்த மகனுக்காக ஒப்பாரி சொல்லத் தொடங்கினாள்.